தெற்கே ஓடும் ஆறுகளும் கிழக்கே போக வேண்டிய நாடும்: ஸ்லோவாகியாவின் நிலமும் நகரங்களும்

ஸ்லோவாகியாவின் அரசுச் சின்னத்தில் சிவப்புக் கேடயத்தின் அடியில் மூன்று நீலக் குன்றுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் இரட்டைக் குறுக்குச் சட்டம் கொண்ட வெள்ளைச் சிலுவை நிற்கிறது. அக்குன்றுகள் தாத்ரா, ஃபாத்ரா, மாத்ரா என்னும் மூன்று மலைகளைக் குறிப்பதாக மரபாகச் சொல்லப்படுகிறது. இவற்றுள் முதல் இரண்டும் ஸ்லோவாகியாவில் உள்ளன. மூன்றாவதான மாத்ரா எல்லைக்கு அப்பால் ஹங்கேரியில் இருக்கிறது. ஹங்கேரியின் சின்னத்திலும் இதே மூன்று குன்றுகள் பச்சை நிறத்தில் உண்டு. அங்கும் அவற்றுக்கு இதே விளக்கம்தான் தரப்படுகிறது. ஒரு நாட்டின் மலை மற்றொரு நாட்டின் சின்னத்தில் நிற்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் ஸ்லோவாகியாவின் நிலக்கிடக்கையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கப் புள்ளி இல்லை: ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் தெற்கே பார்த்தே வாழ்ந்த ஒரு மலைநாடு, கடந்த நூறு ஆண்டுகளாகத்தான் மேற்கையும் கிழக்கையும் ஒன்றோடொன்று இணைக்க முயன்றுவருகிறது.

49,035 சதுர கிலோமீட்டர் பரப்பும் சுமார் 54 லட்சம் மக்களும் கொண்ட இந்நாடு, 1993 ஜனவரி 1 அன்று செக்கோஸ்லோவாகியா பிரிந்தபோது தனி நாடானது. போலந்து, செக் குடியரசு, ஆஸ்திரியா, ஹங்கேரி, உக்ரைன் ஆகிய ஐந்து நாடுகளால் சூழப்பட்ட இதற்குக் கடற்கரை கிடையாது. (பெயர் ஒற்றுமையால் இதோடு அடிக்கடி குழப்பப்படும் ஸ்லோவேனியாவுக்கு அட்ரியாட்டிக் கடலோரத்தில் சிறு கரை உண்டு, இரண்டையும் பிரித்தறிய அது ஒன்றே போதும்.) ஐந்து எல்லைகளில் மிக நீளமானது ஹங்கேரியுடனானது, அது 650 கிலோமீட்டருக்கும் அதிகம். மிகக் குறுகிய எல்லை உக்ரைனுடனானது. அது நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கிழக்கு மேற்காக ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்நாட்டின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் கார்ப்பாத்திய மலைகள் நிறைத்திருக்கின்றன. அவை ஒற்றைச் சுவராக எழுந்து நிற்பவை அல்ல. தாத்ரா, தாழ் தாத்ரா, பெரிய ஃபாத்ரா, சிறிய ஃபாத்ரா, ஸ்லோவாக் தாதுமலை எனப் பல தொடர்கள் அடுக்கடுக்காகக் கிடக்க, அவற்றுக்கிடையே கிண்ணம் போன்ற பள்ளத்தாக்குகள் அமைந்துள்ளன. அத்தகைய கிண்ணத்தை ஸ்லோவாக் மொழியில் ‘கோட்லினா’ என்கிறார்கள். தாழ் தாத்ராவின் கிழக்கு முனையில் 1,946 மீட்டர் உயரத்தில் ‘கிராலோவா ஹோலா’ என்ற மொட்டை மலை இருக்கிறது. அதன் பெயருக்கு ‘அரசனின் மொட்டைமலை’ என்று பொருள் கொள்ளலாம். ஹ்ரோன், ஹ்னிலெட்ஸ், ஹோர்னாட், கருப்பு வாஹ் ஆகிய நான்கு ஆறுகளும் இந்த ஒரே மலையின் சரிவுகளில் பிறந்து ஆளுக்கொரு திசையில் புறப்படுகின்றன. சில மேற்கே ஓடித் திரும்புகின்றன. சில கிழக்கே ஓடித் திரும்புகின்றன. இறுதியில் எல்லாம் தெற்கே இறங்கி, நேராகவோ திசா ஆற்றின் வழியாகவோ டான்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போய்ச் சேர்கின்றன. இவ்விதிக்குக் குறிப்பிடத்தக்க விலக்கு போப்ராட் ஆறு. உயர் தாத்ராவில் பிறக்கும் அது வடக்கே திரும்பிப் போலந்துக்குள் நுழைந்து, துனாயெட்ஸ், விஸ்துலா ஆறுகளின் வழியே பால்டிக் கடலைச் சேர்கிறது. கடலே இல்லாத நாட்டின் மழைநீர் இரண்டு கடல்களுக்குப் பங்கிடப்படுகிறது.

ஆறு எத்திசையில் ஓடியதோ அத்திசையில்தான் வண்டிப்பாதையும் வணிகமும் ஆட்சியும் சென்றன. பதினோராம் நூற்றாண்டு முதல் 1918 வரை இந்நிலம் ஹங்கேரி அரசின் பகுதியாக இருந்தது. ‘மேல் ஹங்கேரி’ என்றே அழைக்கப்பட்டது. மலையில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி வாஹ் ஆற்றில் விட்டால், அவை 403 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றோடு இறங்கி டான்யூபின் கூடுதுறையான கோமார்னோவை அடையும். பழைய ஹங்கேரி மாவட்டங்களின் எல்லைகளும் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளை ஒட்டியே அமைந்தன. லிப்தோவ், ஓராவா, துரியெட்ஸ், ஸ்பிஷ், ஷாரிஷ், கெமெர், செம்ப்ளீன் ஆகியவை அத்தகைய பெயர்கள். நிர்வாகத்தில் இவற்றுக்கு இன்று இடமில்லை. 1996 முதல் நாடு எட்டு மாநிலப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் அதன் தலைநகரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது: பிராத்திஸ்லாவா, திர்னாவா, திரென்சீன், நித்ரா, ஜிலினா, பான்ஸ்கா பிஸ்த்ரிட்சா, பிரெஷோவ், கோஷிட்சே. ஆனால் ஊரைக் கேட்டால் தன்னை லிப்தோவ்காரர் என்றோ ஷாரிஷ்காரர் என்றோ சொல்லிக்கொள்பவரே மிகுதி. கோட்டுப்படத்தில் வரைந்த பிரிவைவிடக் கோட்லினாவின் விளிம்பு மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

நகரங்களின் அளவிலும் இதே அமைப்பு தெரிகிறது. தலைநகரில் சுமார் நாலே முக்கால் லட்சம் பேர் வாழ்கிறார்கள்; இரண்டாம் நகரான கோஷிட்சேயில் இரண்டேகால் லட்சம் பேர். அதற்கு அடுத்து ஒரு லட்சத்தைத் தொடும் நகரம்கூடக் கிடையாது. மூன்றாம், நான்காம் இடங்களுக்குப் போட்டியிடும் பிரெஷோவும் ஜிலினாவும் எண்பதாயிரத்தைச் சற்றே தாண்டியவை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு சந்தை, ஒரு கோயில், ஒரு நகரம் என்று ஆனபின், எல்லாக் கிண்ணங்களையும் தன்பக்கம் இழுக்கும் பெருநகரம் மலைநாட்டுக்குள் வளரவில்லை. அந்தப் பணியைச் செய்தவை தெற்கே சமவெளியில் இருந்த புடாபெஸ்டும் மேற்கே இருந்த வியன்னாவும்தான்.

மொழியிலும் இதன் தடம் உண்டு. ஸ்லோவாக் மொழியின் வட்டார வழக்குகள் மேற்கு, நடு, கிழக்கு என மூன்றாகப் பிரிகின்றன. அந்தோன் பெர்னோலாக் 1787இல் எழுத்துமொழியை வகுத்தபோது திர்னாவா சார்ந்த மேற்கு வழக்கைக் கொண்டார். அது நாடு முழுவதும் பரவவில்லை. 1843இல் லுடோவிட் ஷ்தூரும் அவருடைய தோழர்களும் நடுப்பகுதி வழக்கை எடுத்துக்கொண்டார்கள். மேற்கத்தியாருக்கும் கிழக்கத்தியாருக்கும் ஓரளவு எட்டும் தொலைவில் இருந்ததால் அதுவே நிலைத்தது. இன்றைய எழுத்து ஸ்லோவாக், மலைநாட்டின் நடுவிலிருந்து வந்த மொழி.

முதல் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாகியா உருவாகி, 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான திரியானோன் உடன்படிக்கை ஹங்கேரியுடனான எல்லையை உறுதிசெய்தபோது, பள்ளத்தாக்குகளின் வாய்கள் ஒவ்வொன்றாக அறுபட்டன. பழக்கப்பட்ட பாதை தெற்கே எல்லைச் சாவடியில் போய் முட்டியது. புதிய நாட்டுக்கோ பிராகிலிருந்து கோஷிட்சே வரை கிழக்கு மேற்காகச் செல்லும் வழி வேண்டியிருந்தது. எல்லைக்கோட்டைத் தெற்கே தள்ளி வரைந்ததற்கான காரணங்களுள், சமவெளியோரமாகச் செல்லும் இருப்புப்பாதையைத் தம் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற செக்கோஸ்லோவாகியத் தரப்பின் கோரிக்கையும் ஒன்று. இப்பெல் என்ற சிற்றாறு எல்லையானதற்கு, அதில் கப்பல் போகும் என்று பாரிஸ் பேச்சுவார்த்தையில் சொல்லப்பட்டதே காரணம் என்ற கதை ஹங்கேரியில் இன்றும் கசப்போடு சொல்லப்படுகிறது. கோடைகாலத்தில் பல இடங்களில் நடந்தே கடக்கக்கூடிய ஆறு அது.

மலைநாட்டின் ஊடே அப்போது இருந்த ஒரே முழுமையான கிழக்கு–மேற்கு இருப்புப்பாதை, 1872இல் கட்டி முடிக்கப்பட்ட கோஷிட்சே–போகுமின் பாதை. ஹோர்னாட் பள்ளத்தாக்கு வழியே ஏறி, போப்ராட் கிண்ணத்தைக் கடந்து, ஸ்ட்ர்பா அருகே இரு கடல்களின் நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி, வாஹ் பள்ளத்தாக்கில் இறங்கி ஜிலினாவுக்குச் செல்லும் அப்பாதை இன்றும் நாட்டின் முதுகெலும்பாக இருக்கிறது. அது போதாது என்று கண்ட செக்கோஸ்லோவாகியா, கிண்ணங்களுக்கிடையே புதிய இணைப்புகளைப் போடத் தொடங்கியது. அவற்றுள் மிகத் துணிச்சலானது 1936இல் திறக்கப்பட்ட செர்வெனா ஸ்காலா–மார்கெட்சானி பாதை. கிராலோவா ஹோலாவின் அடிவாரத்தில் உள்ள தெல்கார்ட் என்னும் ஊரில், சரிவு மிகுதியாக இருப்பதால், ரயில் ஒரு கல்வளைவுப் பாலத்தைக் கடந்து, ஒரு கிலோமீட்டருக்கும் நீண்ட வளைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, முழு வட்டம் சுற்றித் தான் வந்த தடத்தையே வேறொரு மட்டத்தில் குறுக்கிடுகிறது. ஹ்ரோன் பள்ளத்தாக்கையும் ஹ்னிலெட்ஸ் பள்ளத்தாக்கையும் இணைக்க இவ்வளவு கல்லும் உழைப்பும் தேவைப்பட்டன. தண்ணீர் சேராத இடத்தில் மனிதர்கள் சேர்வதென்றால் அதற்கான விலை இதுதான்.

இந்தத் தையல் வேலை 1938 நவம்பரில் அறுந்தது. ஜெர்மனியும் இத்தாலியும் வழங்கிய முதல் வியன்னாத் தீர்ப்பின்படி தெற்குப் பட்டியும் கோஷிட்சேயும் ஹங்கேரிக்குப் போயின. கிழக்குக் கோடி துண்டாகிவிடவே, கோஷிட்சேயைத் தவிர்த்துச் செல்லும் பிரெஷோவ்–ஸ்த்ராஷ்ஸ்கே பாதை அவசரமாகக் கட்டப்பட்டு 1943இல் திறக்கப்பட்டது. கெமெர் பகுதியிலும் இதே நோக்கில் பாதைகள் தொடங்கப்பட்டன. ஆனால் 1945இல் பழைய எல்லை திரும்பியதும் அவற்றின் தேவை போய்விட்டது. ஸ்லாவொஷோவ்ட்சே என்ற ஊரருகே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள ரயில் சுரங்கம் ஒன்று அப்படியே நிற்கிறது. அதில் ஒருநாளும் ரயில் ஓடவில்லை.

பிராத்திஸ்லாவாவை வரைபடத்தில் தேடுபவர் நாட்டின் தென்மேற்கு மூலையில் விரலை வைக்க வேண்டும். ஆஸ்திரியா, ஹங்கேரி ஆகிய இரு நாடுகளின் எல்லையையும் தொட்டு நிற்கும் தேசியத் தலைநகரம் உலகில் இது ஒன்றே. வியன்னா இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கோஷிட்சேயோ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. துருக்கியர் புடாவைக் கைப்பற்றும் நிலையில் ஹங்கேரியின் தலைநகர் 1536இல் இங்கே மாற்றப்பட்டது. 1563 முதல் 1830 வரை ஹங்கேரி மன்னர்கள் இங்குள்ள புனித மார்ட்டின் பேராலயத்தில் முடிசூடினார்கள், 1741இல் மரியா தெரேசா உட்பட. ஜெர்மானியர் பிரெஸ்பூர்க் என்றும், ஹங்கேரியர் போசோனி என்றும், ஸ்லோவாக்கியர் பிரெஷ்போரோக் என்றும் அழைத்த இந்நகருக்கு 1919இல்தான் இன்றைய பெயர் அதிகாரப்பூர்வமானது. 1910 கணக்கெடுப்பில் இங்கு ஸ்லோவாக் மொழி பேசியோர் ஏழில் ஒரு பங்கினர் மட்டுமே. நாட்டின் தலைநகராக இதைத் தேர்ந்ததற்கு டான்யூபும் அதன் துறைமுகமுமே முதன்மைக் காரணம். நாட்டின் நடுவில் இருக்கிறதா என்று அப்போது எவரும் அளக்கவில்லை. டான்யூபின் தென்கரையில் 1970களில் வார்ப்புக் காங்கிரீட் பலகைகளால் எழுப்பப்பட்ட பெத்ர்ஷால்கா குடியிருப்பில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். தனியாக எண்ணினால் அதுவே நாட்டின் மூன்றாம் நகரம். 2007இல் ஷெங்கன் உடன்பாட்டால் எல்லைச் சோதனை நீங்கியபின், வீட்டு விலைக்கு அஞ்சிய தலைநகர்வாசிகள் பலர் ஆஸ்திரியாவின் கிட்ஸே, ஹங்கேரியின் ரய்கா ஆகிய ஊர்களில் வீடு வாங்கி, காலையில் வேலைக்கு வேறு நாட்டுக்கு வந்து மாலையில் திரும்புகிறார்கள். நகரின் மேற்கே மொராவா ஆறு டான்யூபில் சேரும் இடத்தில் தெவீன் கோட்டை பாறைமேல் நிற்கிறது. 1989 வரை அக்கூடுதுறையின் கரையில் முள்வேலி ஓடியது.

தலைநகரிலிருந்து கிழக்கே டான்யூப் இரண்டாகப் பிரிந்து ஷித்னி ஓஸ்த்ரோவ் என்னும் பெரிய ஆற்றுத் தீவை அமைக்கிறது. மலைநாட்டிலிருந்து வருபவருக்கு இது வேறு நாடு போலிருக்கும்: தட்டையான கரிசல் வயல்கள், மக்காச்சோளம், ஹங்கேரி மொழிப் பெயர்ப்பலகைகள். நாட்டின் மக்கள்தொகையில் எட்டு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக உள்ள ஹங்கேரியர் பெரும்பாலும் இந்தத் தெற்குப் பட்டியில்தான் வாழ்கிறார்கள். கோமார்னோ நகரம் 1920இல் ஆற்றோடு இரண்டாக வெட்டப்பட்டது. தென்பாதி ஹங்கேரியின் கோமாரோம் ஆனது. சற்றுக் கீழே ஷ்தூரோவோவுக்கும் எதிர்க்கரை எஸ்டெர்கோமுக்கும் இடையிலிருந்த பாலம் 1944இல் தகர்க்கப்பட்டு, 2001இல்தான் மீண்டும் கட்டப்பட்டது.

இதே சமவெளியில்தான் கப்சீகொவோ அணை இருக்கிறது. 1977இல் செக்கோஸ்லோவாகியாவும் ஹங்கேரியும் கூட்டாகத் தொடங்கிய திட்டத்திலிருந்து 1989இல் ஹங்கேரி பின்வாங்கியது. செக்கோஸ்லோவாகியா தனித்தே தொடர்ந்து, 1992 அக்டோபரில் டான்யூபின் பெரும்பகுதி நீரைத் தன் மண்ணில் வெட்டிய கால்வாய்க்குத் திருப்பியது. பன்னாட்டு நீதிமன்றம் 1997இல் இரு தரப்பின் மீதும் தவறு கண்டது: திட்டத்தை ஹங்கேரி நிறுத்தியதும் தவறு, மறுதரப்பு நீரைத் திருப்பியதும் தவறு. சுற்றியுள்ள வயல்களைவிட உயரமான கரைகளுக்கிடையே அந்தக் கால்வாய் ஓடுகிறது. அதற்கும் பழைய ஆற்றுக்கும் நடுவில் வோய்கா, போதீகி, தோப்ரோஹோஷ்ட் என்னும் மூன்று ஊர்கள் சிக்கிக்கொண்டன. வோய்காவாசிகள் கால்வாயைக் கடக்க மிதவைப் படகில் வண்டியோடு ஏறுகிறார்கள். தீவின் சரளைப் படுகைக்கு அடியில் கிடக்கும் நிலத்தடி நீரை நாடு பெருஞ்செல்வமாகக் கருதுகிறது. புட்டியில் அடைத்த குடிநீர் போன்ற சில விலக்குகள் நீங்கலாகத் தண்ணீரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 2014இல் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள்.

மலைநாட்டுக்குள் நகரங்களை வளர்த்தது உலோகம். பொன்னுக்குக் கிரெம்னிட்சா, வெள்ளிக்கு ஷ்தியாவ்னிட்சா, செம்புக்குப் பிஸ்த்ரிட்சா என்பது பழைய வழக்கு. 1328இல் தொடங்கப்பட்ட கிரெம்னிட்சா நாணயச்சாலை இன்றும் நாணயம் அச்சிடுகிறது; ஸ்லோவாகியாவின் யூரோக் காசுகள் அங்கேதான் உருவாகின்றன. பான்ஸ்கா ஷ்தியாவ்னிட்சா ஒரு பழைய எரிமலையின் சரிந்த வாய்க்குள் அமைந்த ஊர். 1627இல் இங்கே சுரங்கத்தில் பாறையைப் பிளக்க வெடிமருந்து பயன்படுத்தப்பட்டது. அதுகுறித்த மிகப் பழைய நம்பகமான பதிவு இதுவே எனக் கருதப்படுகிறது. ஆனால் வெடிமருந்தைவிட வியப்பானவை இவ்வூரின் ஏரிகள். சுரங்கம் ஆழமாக ஆக ஊற்றுநீர் நிரம்பியது. அதை இறைக்கும் எந்திரங்களை ஓட்ட வேறு நீர் வேண்டும். மலை உச்சியிலோ ஆறு இல்லை. எனவே பதினெட்டாம் நூற்றாண்டில் சாமுவேல் மிகோவீனி போன்றோர் மழைநீரையும் உருகும் பனியையும் மலைச்சரிவைச் சுற்றி வெட்டிய வரத்துக்கால்களில் வாங்கி, கரை கட்டித் தேக்கி, அங்கிருந்து போக்குக்கால்களில் எந்திரங்களுக்கு விட்டார்கள். இவ்வாறு ஏறத்தாழ அறுபது ஏரிகள் உருவாயின. இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் நீரோடு இருக்கின்றன. அக்காலத்தில் ஹங்கேரி அரசின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றாக இருந்து, 1762இல் சுரங்கக் கல்விக்கழகமும் பெற்ற இவ்வூரில் இன்று வாழ்பவர்கள் பத்தாயிரம் பேருக்கும் குறைவு. ஏரிகளில் கோடையில் பிள்ளைகள் நீந்துகிறார்கள்.

உயர் தாத்ரா, புகழை ஒப்பிட்டால் மிகச் சிறிய மலை. முதன்மை முகடு முப்பது கிலோமீட்டர்கூட நீளாது. ஆனால் சுமார் 2,655 மீட்டர் உயரமுள்ள கெர்லாக் சிகரம் கார்ப்பாத்திய மலைகள் அனைத்திலும் உயர்ந்தது. சமவெளியிலிருந்து படிப்படியாக எழாமல் போப்ராட் கிண்ணத்தின் விளிம்பிலேயே செங்குத்தாக எழுவதால் அது இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. 2004 நவம்பர் 19 அன்று மலையிலிருந்து இறங்கிய புயற்காற்று சில மணிநேரத்தில் பன்னிரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டைப் படுக்கவைத்தது. மலைமேல் உள்ள தங்கற்குடில்கள் சிலவற்றுக்குச் சாலை இல்லை; ‘நோசிச்’ எனப்படும் சுமைகாரர்கள் உயர்ந்த மரச்சட்டத்தை முதுகில் கட்டி, ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட ரொட்டியும் பீரும் எரிவாயு உருளையும் சுமந்து இன்றும் நடக்கிறார்கள்.

தாத்ராவின் கிழக்கே உள்ள ஸ்பிஷ் பகுதி, 1241ஆம் ஆண்டு மங்கோலியப் படையெடுப்புக்குப் பின் பெருமளவில் குடியேற்றப்பட்ட ஜெர்மானியரின் கைவண்ணம். லெவோச்சாவின் புனித யாக்கோபு ஆலயத்தில் சிற்பி பாவோல் செதுக்கிய மரப்பீடம் 18 மீட்டருக்கும் உயரமானது. சுண்ணக்கல் குன்றின்மேல் நான்கு ஹெக்டேருக்கும் அதிகமாகப் பரந்த ஸ்பிஷ் கோட்டை 1780இல் எரிந்தபின் இடிபாடாகவே நிற்கிறது. 1412இல் மன்னர் சிகிஸ்முண்ட் கடனுக்கு ஈடாக இப்பகுதி நகரங்கள் பலவற்றைப் போலந்திடம் அடகு வைத்தார். அடகு மீளவே இல்லை. 1772இல் போலந்து பங்கிடப்பட்டபோதுதான் அவை திரும்பி வந்தன. கட்டியவர்களின் சந்ததியினரோ இரண்டாம் உலகப் போரின் இறுதியிலும் அதற்குப் பின்னும் பெரும்பாலும் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள்.

இன்றைய பொருளாதாரம் பழைய பிளவை ஆழப்படுத்தியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே மிக அதிகமாகக் கார் உற்பத்தி செய்யும் நாடு இது. ஆலைகள் பிராத்திஸ்லாவா, திர்னாவா, நித்ரா, ஜிலினா ஆகிய ஊர்களில், அதாவது எல்லாமே மேற்கிலும் வாஹ் ஆற்றின் ஓரத்திலும் அமைந்தன. கோஷிட்சே அருகே ஆலை கட்டும் பணி மிகப் பிந்தித்தான் தொடங்கியது. பிராத்திஸ்லாவாவையும் கோஷிட்சேயையும் இணைக்கும் டி1 நெடுஞ்சாலையின் பணி 1970களில் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழிந்தும் ஃபாத்ரா மலைகளின் இடுக்கில் அது முழுமையடையவில்லை. சாலை எட்டாத கெமெரின் ரிமாவ்ஸ்கா சோபோதா, ரெவூட்சா வட்டாரங்களில் வேலையின்மை தொடர்ந்து நாட்டிலேயே மிக உயர்ந்த நிலையில் இருந்துவருகிறது. ரோமா என்னும் சிறுபான்மை இனத்தவரின் வறிய குடியிருப்புகள் மிகுந்திருப்பதும் கிழக்கிலும் இந்தத் தென்நடுப் பகுதியிலும்தான்.

கோஷிட்சே தன்னை எல்லைப்புற ஊராக எண்ணியதில்லை. 1369இல் மன்னரிடம் நேரடியாகச் சின்னம் பெற்ற நகரம் அது. நாட்டின் மிகப்பெரிய தேவாலயமும் அங்குதான் உள்ளது. 1960களில் அங்கே பெரும் எஃகாலை எழுந்தது. தாது உக்ரைனிலிருந்து வரவேண்டும். சோவியத் தண்டவாளமோ 1,520 மில்லிமீட்டர் அகலம், இங்குள்ளது 1,435. ஆகவே 1966இல் எல்லையிலிருந்து ஆலை வரைக்கும் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டருக்கு அகலப்பாதையையே போட்டுவிட்டார்கள். நாடு தன் கிழக்கை மேற்கோடு சேர்க்கத் திணறியபோது, கிழக்கிலிருந்து ஒரு தண்டவாளம் எளிதாக உள்ளே வந்து சேர்ந்தது.

எல்லையில் உள்ள சியெர்னா நாட் திசோவ் ஊர் இந்தத் தண்டவாள வேறுபாட்டை நம்பியே பிழைத்தது. ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்குச் சரக்கை மாற்றுவதே அதன் தொழில். 1968 கோடையில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் செக்கோஸ்லோவாகியத் தலைவர் துப்செக்கும் சந்தித்துப் பேசியது இந்த ரயிலூரில்தான். அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவில் போட்ரோக் ஆற்றங்கரையில் கடல்மட்டத்துக்கு மேல் வெறும் 94 மீட்டரில் நாட்டின் மிகத் தாழ்ந்த இடம் இருக்கிறது. அருகிலேயே டோகாய் ஒயின் வட்டாரத்தின் ஏழு ஸ்லோவாக் ஊர்கள். மற்றவையெல்லாம் 1920இல் எல்லைக்கு அப்பால் போனவை. போட்ரோக் அவற்றினூடே தெற்கே சென்று, ஹங்கேரியின் டோகாய் நகரில் திசாவோடு கலக்கிறது.